பிரிக்காத எண்ணெய் டின்

காஜா பேராங், மலாக்கா

என் அன்பு மாப்பிள்ளை ஆறுமுகத்துக்கு,

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோதே தெரியாது, இப்போது மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்? முத்துமாரியம்மன் கோயிலில் பெயரையும் நட்சத்திரத்தையும் சுத்தமாகச் சொல்லி அர்ச்சனை வைப்பாய். வெளியே வந்து செருப்பைத் தேடும்போதே மலாய்க்குப் போய்விடுவாய். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் உங்கள் செட்டிக் கம்பத்தில் எல்லோரும் அப்படித்தான். அது தெரிந்தும் இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ போய் இந்த வாரத்தோடு மூன்று வருடம். பத்திரிகையில் போடும் நினைவஞ்சலியை ஒவ்வொரு வருடமும் என் தங்கை சரசு என்னைத்தான் எழுதச் சொல்வாள். உன் படம், கீழே இரண்டு வரி, அதற்குக் கீழே குடும்பத்தார் பெயர்கள். இந்த வருடமும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரியில் அடங்கவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. அம்மாவிடம் தமிழ், பாட்டியிடம் மலாய், கோபம் வந்தால் இரண்டும். என் அம்மா போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அங்கே உன்னைப் பார்த்திருப்பாள். பட்டறைக்குப் புதுத் தகரம் போட்டோம், ஆனாலும் மழை வந்தால் பழைய இடத்தில்தான் ஒழுகுகிறது.

இனி பட்டறைச் செய்தி. எண்ணூறு வந்துவிட்டது, மாப்பிள்ளை.

ஐந்நூறு சிசி எஞ்சினை நீ படத்தில்தான் பார்த்தாய். அறுநூறை ஓட்டினாய். அடுத்து எண்ணூறு வரும், வந்தால் ஜொகூர் வரை நம் பின்னால் ஒருவனும் கண்ணில் படமாட்டான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். உன் தம்பி பழனி அதைக் கோலாலம்பூரிலிருந்து லாரியில் சாக்குச் சுற்றிக் கொண்டுவந்தான். அதே நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு ஒன்றாக அதே நாலு கார்புரேட்டர், தலையில் அதே இரண்டு கேம் தண்டு. துளை கொஞ்சம் அகலம், பிஸ்டன் ஓடும் தூரம் கொஞ்சம் அதிகம். பழையதற்குப் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் ஒரு தாய் பிள்ளை என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

பழனி அதை வேறு வண்டியில் பூட்டவில்லை. உஜோங் பாசிரில் உன்னோடு கவிழ்ந்த அதே வண்டியைத் தட்டி நிமிர்த்தி, சிவப்புப் பெயின்ட் அடித்து, அதில்தான் பூட்டியிருக்கிறான். நீ பிடித்த அதே ஸ்டேரிங். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, உஜோங் பாசிர் கடலோரச் சாலையில் முதல் ஓட்டம். அடுத்த மாதம் ஜொகூர் பந்தயம்.

அந்த முதல் ஓட்டத்தைத் தள்ளிப்போட என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா? நாள் சரியில்லை என்றேன். டயர் சரியில்லை என்றேன். கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட் ஒன்றைக் கழற்றி என் சட்டைப் பையில் ஒளித்துக்கூட வைத்தேன். நாற்பது வயதில் இந்தப் புத்தி. பழனி ஒரு மணி நேரம் தேடிவிட்டு, பழைய அறுநூறிலிருந்து ஒன்றை எடுத்துத் துளையைப் பெரிதாக்கிப் போட்டுக்கொண்டான். அவன் உன் தம்பி அல்லவா?

அந்த அறுநூறை நாம் முதன்முதலில் திறந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? நாம் பழகத் தொடங்கியது அதற்குப் பல வருடம் முன்பு. பண்டார் ஹிலிர் திடலில் மெர்டேக்கா, அதாவது சுதந்திரத் தேதியை அறிவித்த அன்று, கூட்டத்தில் நின்றுபோன ஒரு லாரிக்கு அடியிலிருந்து இரண்டு பேரும் கரிமூஞ்சியோடு எழுந்தோம். அன்று தொடங்கிய கூட்டு. அதற்குப் பிறகு எத்தனையோ எஞ்சினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறோம். எல்லாம் வெள்ளைக்காரன் சாமான், ஐயாயிரம் சுற்றைத் தாண்டினால் மூச்சு வாங்கும்.

இந்த அறுநூறு வேறு சாதி. மோட்டார் சைக்கிள் செய்து பழகிய ஜப்பான்காரன் காருக்கென்று செய்த குட்டி எஞ்சின். பிஸ்டன் தேத்தண்ணி கிளாஸ் அளவு. பின் சக்கரத்துக்குச் செயின். விளையாட்டுச் சாமான் என்று நான் சிரித்தேன். நீ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் வைத்து, நாலும் ஒரே அளவாக மூச்சு இழுக்கும்வரை திருகிக்கொண்டிருந்தாய். பிறகு ஒன்பதாயிரம் வரை மிதித்தாய். இந்தோனேசியாவோடு தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். விமானம்தான் வந்துவிட்டது என்று எதிர்வீட்டுக்காரர் கைலியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

அம்மா மட்டும் பட்டறைக்குள் காலே வைக்கவில்லை. என் அப்பாவை எஸ்டேட்டிலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவன் ஜப்பான்காரன். அப்பாவின் சட்டைகூடத் திரும்பி வரவில்லை. “அவன் செஞ்ச மெஷினு. நம்ம வூட்ல ஒரு ஆள எடுக்காம போவாது,” என்றாள், சரசு காதுபட, உன் காதுபட. நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

உன்னிடம் எதற்கும் இரண்டு பதில்தான் உண்டு. சுடா, பெலோம். வேலை முடிந்துவிட்டால் சுடா. இன்னும் இல்லையென்றால் பெலோம். பெண் பார்க்க வந்த அன்று உன் அம்மா சரசுவிடம் “மாக்கான் சுடா?” என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று ஒரு மரியாதைக்குக் கேட்டது. எஸ்டேட்டை விட்டு வெளியே வராத என் தங்கை, “சூடா இல்லங்க, ஆறிப்போச்சு,” என்றாள். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அது நம் வீட்டு வேடிக்கை. ஆறின சோறு வந்தால் நீ “பெலோம் சுடா” என்று தட்டைத் தள்ளுவாய், அவள் உன் முதுகில் ஒன்று வைப்பாள்.

மிஞாக் என்ற சொல் மட்டும் வேடிக்கையாக இல்லாமல் போய்விட்டது. எஞ்சினுக்குள் விடும் எண்ணெய்க்கு மலாயில் மிஞாக். பெட்ரோலுக்கும் மிஞாக். தலையில் தேய்ப்பதும், விளக்கில் விடுவதும், மீன் பொரிப்பதும் மிஞாக். தமிழ் பேசுகிற நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு? இந்த ஊரில் பெட்ரோல் போடப் போகிறவனும் எண்ணெய் அடிக்கப் போகிறேன் என்றுதான் சொல்கிறான். எதைச் சொல்கிறான் என்று ஆளையும் கையையும் பார்த்தால் தெரிந்துவிடும், அதனால் யாருக்கும் சங்கடம் வந்ததில்லை.

நீ போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதில் உனக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது.

முந்தின நாள் சாயங்காலம் பழைய எஞ்சின் எண்ணெயை நான் முழுக்க வடித்துவிட்டேன். சிங்கப்பூரிலிருந்து நீ வரவழைத்த புது டின் மேசைமேல் இருந்தது. காலையில் ஊற்றலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் வந்ததும் முதலில் பெட்ரோலை ஊற்றினேன். காலி கேன் இன்னும் கையில்தான் இருந்தது. நீ ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் திருநீற்றோடு வந்தாய். சாலையில் வண்டிகள் கூடுமுன் ஓட்டிவிட வேண்டும் என்ற அவசரம். கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டாய்.

“மிஞாக் சுடா?”

“சுடா,” என்றேன்.

அவ்வளவுதான். நீ கேட்டது எஞ்சின் எண்ணெய். நான் சொன்னது பெட்ரோல். என் முதுகு உன் பக்கம் இருந்தது, கேனை நீ பார்க்கவில்லை. எண்ணெய் அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்கவும் இல்லை. நான் சொன்னால் உனக்குப் போதும். எண்ணெய் இல்லையென்றால் முன் பலகையில் எரியும் சிவப்பு விளக்காவது சொல்லியிருக்கும். அது சும்மா சும்மா கண் சிமிட்டுகிறது என்று அதன் பல்பை நாமே கழற்றிப் போட்டிருந்தோம்.

நீ போன பிறகு கை கழுவினேன். துடைக்கத் துணி தேடினேன். துணி மேசைமேல் கிடந்தது. எடுத்தேன். அதற்குக் கீழே அந்த டின் இருந்தது, மூடியில் முத்திரை கலையாமல்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உன் பின்னால் வந்தேன், மாப்பிள்ளை. இது உனக்குத் தெரியாது. வழியெல்லாம் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தேன். கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள உருளைகளில் ஒட்டியிருந்த பழைய எண்ணெய் உன்னை உஜோங் பாசிர் வரை கொண்டுபோய்விட்டது. அங்கே நேர்ச் சாலையில் நீ மிதித்திருக்கிறாய். தூரத்திலிருந்தே கேட்டேன். சத்தம் ஏறி, இன்னும் ஏறி, பிறகு அறுத்த மாதிரி நின்றது.

நான் வந்து சேர்ந்தபோது வண்டி ஒரு தென்னைக்கு அடியில் தலைகீழாகக் கிடந்தது. பின் சக்கரங்கள் இறுகிப்போயிருந்தன. எஞ்சினின் வயிற்றில் ஒரு கை நுழைகிற ஓட்டை, உள்ளேயிருந்து உடைத்துக்கொண்டு கனெக்டிங் ராடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உன்னை நான்தான் தூக்கினேன். திருநீறு அப்படியே இருந்தது.

அந்த ஓட்டைதான் என்னைக் காப்பாற்றியது. எண்ணெய் அதன் வழியாகப் போயிருக்கும் என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். நான் மட்டும் சாலையைப் பார்த்தேன். டயர் இழுத்த கறுப்புக் கோடு இருந்தது. எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை. அந்தக் காய்ந்த சாலை இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சரசு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “என்னண்ணே ஆச்சு? நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?” நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். “நான் அப்பவே சொன்னேன். இது ரெண்டாவது ஆளு.” நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு திறப்பது முடியாமல் போய்விட்டது. ஜப்பான் இரும்பு, தாங்கவில்லை என்று ஊர் பேசியது. நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு விட்டேனா? சின்ன எஞ்சின், அளவுக்கு மீறின சுற்று, இப்படித்தான் ஆகும் என்று காப்பிக்கடையில் உட்கார்ந்து விளக்கம் வேறு கொடுத்தேன். அந்த எஞ்சின்மேல் ஒரு குற்றமும் இல்லை. நாம் பிரித்ததிலேயே ஒழுங்கான எஞ்சின் அதுதான். வாயில்லாதது என்பதால் என் பழியை அதன் தலையில் வைத்தேன். அம்மா அதை நம்பியபடியே கண்ணை மூடினாள்.

அந்த டின்னை வீட்டில் அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஆற்றில் எறியலாம் என்று இரண்டு முறை பாலம் வரை கொண்டுபோனேன். இரண்டு முறையும் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தேன். உன் மகளின் இரண்டாவது பிறந்தநாளன்று சரசுவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அவள் எனக்குக் கேசரி கொடுத்து, “நீ இல்லன்னா நாங்க என்னண்ணே செஞ்சிருப்போம்,” என்றாள். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எண்ணூறைப் பூட்டுமுன் பழனி பழைய எஞ்சினை முழுக்கப் பிரித்தான். கிராங்க் தண்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான். சூட்டில் இரும்பு நீலம் பாயுமே, அந்த நீலம். அறுநூறில் இந்த இடம் பலவீனம், எண்ணூறில் சரி செய்துவிட்டார்கள், இனி பயமில்லை என்றான். எண்ணெய் காய்ந்தால் எந்த இரும்பும் இப்படித்தான் ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்று எண்ணெய் இருந்தது என்று நம்புகிறான். நான்தான் ஊற்றினேன் என்று நம்புகிறான்.

அதனால் சிவப்பு விளக்குக்கு அவனும் பல்பு மாட்டவில்லை. பட்டறையில் எண்ணெய் வேலை இன்னும் என்னுடையதுதான். கம்பியை இழுத்துப் பார்க்கிற பழக்கம் அவனுக்கும் கிடையாது. இந்த வேலு அண்ணன் சொன்னால் அவனுக்கும் போதும்.

போன வாரம் போகி. உங்கள் வீட்டில் பர்ச்சு. போனவர்களுக்கு இலை போட்டுப் படைக்கிற நாளை நான் உனக்குச் சொல்ல வேண்டுமா, நீதானே வந்து சாப்பிட்டாய்? நாசி லெமாக், சம்பால், பொரித்த மீன், உனக்குப் பிடித்த எல்லாம் வைத்தோம். பழனி ஒரு சின்னக் கிண்ணத்தில் எஞ்சின் எண்ணெயைக் கொண்டுவந்து இலையோரம் வைத்தான். அண்ணனுக்கு இந்த வாசம் பிடிக்கும் என்றான். உன் அம்மா முறைத்துவிட்டு, சரி போகட்டும் என்று விட்டுவிட்டார். அடுப்படியிலிருந்து சரசு குரல் கொடுத்தாள். இப்போது உங்கள் வீட்டாரிடம் அவளும் மலாய்தான் பேசுகிறாள்.

“மிஞாக் சுடா?”

“சுடா,” என்றான் பழனி.

என் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு கீழே விழுந்தது. கால் தடுக்கிவிட்டது என்று சொன்னேன். நின்ற இடத்தில் யாருக்காவது கால் தடுக்குமா? நீங்கள் எல்லோரும் வந்து சாப்பிட வேண்டுமே என்று நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வெளியே நின்ற அந்தச் சில நிமிடம், உள்ளே நீ இலைக்கு முன்னால் உட்கார்ந்து என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தபோது உன் படத்துக்கு முன்னால் விளக்கு அணைந்திருந்தது. திரி கருகி, விளக்கு வெறுமையாக இருந்தது. சரசு கேட்டது விளக்குக்கு எண்ணெய் விட்டாயிற்றா என்று. பழனி சொன்னது கிண்ணத்து எண்ணெயை. முந்தின நாள் மிச்சமிருந்த ஈரத்தில் எரிந்த விளக்கு, அது தீர்ந்ததும் நின்றுவிட்டது.

சரசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அவருக்கு இந்த ஓட்டம் புடிக்கல, அண்ணே,” என்றாள். பழனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சகுனமும் இல்லை, ஒன்றும் இல்லை என்று அவளைத் தேற்றினான்.

“மிஞாக் ஆப்பா? அண்ணி தா சாக்காப்.”

எந்த எண்ணெய் என்று அண்ணி சொல்லவே இல்லையே என்கிறான். உன் அம்மாகூடச் சிரித்தார். மிஞாக் ஆப்பா, எந்த எண்ணெய். அன்று காலை கேனைக் கையில் வைத்துக்கொண்டு நான் உன்னைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டியது அந்த இரண்டு சொல்தான். கேட்டிருந்தால் நீ இப்போது எண்ணூறின் கார்புரேட்டர் வாயில் ரப்பர் குழாயை வைத்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். பழனி விளக்கில் எண்ணெயை விட்டு மறுபடி ஏற்றினான், ஒன்றும் நடக்காத மாதிரி. உன் விளக்கை அப்படி மறுபடி ஏற்ற எனக்கு வழியில்லை.

சரசு மட்டும் சிரிக்கவில்லை. அவள் விளக்கைப் பார்க்கவில்லை, ஈரத் தரையில் கிடந்த செம்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பாள்.

இப்போது தெரிந்திருக்கும், ஏன் தமிழ் என்று. இது உனக்கு எழுதிய கடிதம்தான், ஆனால் படிக்க வேண்டியவள் அவள். சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போய் முதல் வரியிலிருந்து நானே அவளுக்குப் படித்துக் காட்டப்போகிறேன். அதன் பிறகுதான் பத்திரிகைக்குத் தபாலில் போடுவேன். காப்பிக்கடையில் என் விளக்கத்தைக் கேட்டவர்கள் இதையும் படிக்கட்டும்.

படித்து முடித்ததும் அவள் என்ன செய்வாள்? என் முகத்தில் விழிப்பாளா? உன் மகளை இனி என் மடியில் விடுவாளா? மூன்று வருடம் அவளுக்குச் சோறு போட்ட அண்ணன் என்று பார்ப்பாளா, இல்லை மூன்று வருடம் அவளை ஏமாற்றினவன் என்றா? நீ இருந்தால் அவள் மனதைச் சொல்லிவிடுவாய். எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. அந்தக் காய்ந்த சாலையைவிட இந்தச் சனிக்கிழமைக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் என்னை உள்ளே விட்டாலும் விடாவிட்டாலும், விடியும்போது நான் பட்டறை வாசலில் நிற்பேன். சிவப்பு விளக்குக்கு வாங்கிய பல்பு சட்டைப் பையில் இருக்கும். பிரிக்காத டின் கையில் இருக்கும். பழனி கையுறையை மாட்டிக்கொண்டே, உன்னை மாதிரியே, முகத்தைக்கூடத் திருப்பாமல் என்னிடம் கேட்பான்.

பெலோம் என்று சொல்வேன்.

சரசுவுக்கு அண்ணனாக இன்னும் இருக்கிறேனோ இல்லையோ,
என்றைக்கும் உன் மச்சான்,
வேலு